தொக்கம் எடுக்கிற வீட்டில் இன்னொரு பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. வல்லம் வடகாலில் கம்பெனி மதில்கள் முடிகிற முனையில் ஷேர் ஆட்டோ அவர்களை இறக்கிவிட்டுப் போனது. ஏகாம்பரநாதன் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மருமகள் மஹாலட்சுமி ஒரு துணிப்பையில் துண்டும் பால் புட்டியும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

பால் புட்டி எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. பேரன் இனியவனுக்கு ஒன்றரை வயது. முந்தாநாள் ராத்திரியிலிருந்து ஒரு மடக்கு உள்ளே இறங்கவில்லை. கொடுத்த பால் கொடுத்த வேகத்தில் திரும்பி வந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் பிள்ளை ஒழுக்கிக்கொண்டே இருந்தான். அவர் சட்டைத் தோள் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து புளித்த வாடை அடித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் நேற்றே சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் கூடி அது தொக்கம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் கிழவன் பேச்சு எங்கே எடுபடும்?

தொக்கம் என்றால், தின்றது தொண்டையில் ஒட்டிக்கொண்டு நிற்பதாம். எடுக்கிறவள் பிள்ளையின் கழுத்தில் வெளிப்பக்கம் ஒரு பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சுவாளாம். உள்ளே இருப்பது சதையைத் தாண்டி, தோலைத் தாண்டி, குழாயில் ஏறி அவள் வாய்க்கு வந்துவிடுமாம். தட்டில் துப்பிக் காட்டுவாளாம். பாலிடெக்னிக் படித்தவனெல்லாம் இதை நம்பி வரிசையில் நின்றான். ஏகாம்பரநாதன் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவர் நம்பவில்லை.

நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினாறு வருஷமாக கேட்டில் சோதனை போடுகிற வேலை. ஷிப்ட் முடிந்து வருகிறவன் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும், ஷூவைக் கழற்றி உதற வேண்டும், பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். ஒருமுறை ஒருத்தன் கடைசல் மெஷினில் போடுகிற விலை உயர்ந்த முனை ஒன்றைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு வணக்கம் வைத்தான். வணக்கத்தில் ஒரு குழறல் இருந்தது. வாயைத் திற என்றார். அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் வாயையும் திறக்கச் சொல்லுவார். இன்றைக்கு அவர் மருமகளோடு கிளம்பி வந்ததும் அதற்குத்தான். அந்தப் பொம்பளையை நாலு பேர் பார்க்கப் பிடிக்க வேண்டும்.

இரண்டு கம்பெனி மதில்களுக்கு நடுவே ஒரு பழைய ஓட்டு வீடு நசுங்கிக் கிடந்தது. வெளியே அத்தனை வெயில். உள்ளே வெளிச்சம் போகப் பயந்தது போல் வாசலோடு நின்றுவிட்டது. காலை வைத்ததும் அணைந்த கற்பூரமும் பிள்ளைகள் கக்கிய பாலும் சேர்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. வெயிலில் சூடான ரப்பர் மாதிரி.

ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார்கள். மடியிலும் இடுப்பிலுமாக நாலு பிள்ளைகள், நாலும் வீறிட்டுக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பாய். நிற்க இடமில்லாத கூட்டத்தில் அந்தப் பாயின் ஒரு மூலை மட்டும் காலியாக இருந்தது. அங்கே யாரும் உட்காரவில்லை.

அறிவு கெட்ட ஜனம் என்று நினைத்துக்கொண்டு ஏகாம்பரநாதன் போய் அந்த மூலையில் உட்கார்ந்தார்.

பாய் சில்லென்று இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பீக்.

நடை பழகும் பிள்ளைகளுக்கு வாங்கிப் போடுவார்களே, மிதித்தால் கத்துகிற செருப்பு, அந்தச் சத்தம். ஆனால் அதில் ஏதோ ஒன்று குறைந்தது. பீக் என்றது. ஓர் அடி சும்மா இருந்தது. மறுபடி பீக் என்றது. மறுபடி ஓர் அடி சும்மா. ஒரு கால் கத்தியது, மறு கால் கத்தவில்லை.

தொழில் பழக்கம், கண் முதலில் கால்களைத்தான் தேடியது. நாலு பிள்ளைகளும் வெறுங்கால். வாசலில் கிடந்ததெல்லாம் பெரியவர்கள் செருப்பு.

நாலு பிள்ளைகளும் ஒரே சமயத்தில் அழுகையை நிறுத்தின.

நாலு தலைகளும் மெதுவாக ஒரே பக்கம் திரும்பின, யாரோ குறுக்கே நடந்து போவதைப் பார்ப்பது போல. பார்வை கதவிலிருந்து கிளம்பி, பாயைச் சுற்றி, ஏகாம்பரநாதன் முன்னால் வந்து நின்றது.

இனியவன் இரண்டு நாளாகத் தூக்காத தலையைத் தோளிலிருந்து தூக்கினான். எதிரே, தன் உயரத்துக்கு எதிரே, யாரையோ பார்த்தான்.

தாய்மார்கள் ஒருத்தியும் கவனிக்கவில்லை. பிள்ளை அழுகையை நிறுத்தியதும் செல்போனை எடுத்துவிட்டார்கள்.

தொக்கம் எடுக்கிறவள் பெயர் கன்னியம்மா. ஐம்பது வயது இருக்கும். ஒட்டிய கன்னம், வெற்றிலைக் காவி ஏறிய உதடு. அவள் தொழில் செய்கிற விதத்தை ஏகாம்பரநாதன் ஒரு பத்து நிமிஷம்தான் பார்த்தார், அதுவே ஏராளம். முதலில் பிள்ளை என்ன தின்றது என்று கேட்பாள். தாய் முறுக்கு என்பாள். கை கழுவி வருகிறேன் என்று திரைக்குப் பின்னால் போவாள். திரும்பி வந்தபிறகு ஒரு வார்த்தை பேச மாட்டாள், உதட்டை இறுக்கி மூடியிருப்பாள். குழாயை வைத்து உறிஞ்சித் துப்பினால் தட்டில் முறுக்கு. அந்தத் தாய்க்குக் கண்ணில் தண்ணீர். பதினாறு வருஷத்தில் இவ்வளவு சொத்தைத் திருட்டை அவர் பார்த்ததில்லை. கேட்டில் பிடிபடுகிற பொடியன்கள் இதைவிடக் கெட்டிக்காரர்கள்.

அவர்கள் முறை வந்தது. தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்தான் என்றாள் மஹாலட்சுமி. கன்னியம்மா திரைக்குப் பின்னால் போய்விட்டு, உதட்டை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குழாயை எடுத்தாள்.

"வாயத் தொற," என்றார் ஏகாம்பரநாதன்.

அவள் கண் மட்டும் அவரைப் பார்த்தது.

"தொறம்மா. காட்டிட்டு அப்பால குழாய வை."

"மாமா, சும்மா இருங்க. எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் மஹாலட்சுமி.

"பாக்கட்டும்னுதான் சொல்றேன்."

கன்னியம்மா திறக்கவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. கேட்டில் செய்கிற மாதிரியே தாடையைப் பிடித்து, கட்டை விரலால் மேல் உதட்டைத் தூக்கினார். ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு தேங்காய்ச் சில். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து, சுவரோரம் நின்ற ஒவ்வொருத்தருக்கும் காட்டினார்.

ஒருத்தர் முகத்திலும் கோபம் இல்லை. இருந்த கொஞ்சக் கோபமும் அவர்மேல்தான். வெற்றிலையோடு தேங்காய் மென்றிருப்பார்கள், அதில் இந்தக் கிழவனுக்கு என்ன வந்தது என்றாள் ஒருத்தி. கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் நேரமாகிறது என்று வாட்சைப் பார்த்தான். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு, மன்னிச்சிடுங்கம்மா என்று அந்தத் திருடியிடம் முணுமுணுத்தாள்.

அப்போதே எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். பிள்ளை மூச்சுக்கு ஒருதரம் குமட்டிக்கொண்டிருந்தான். ஆனால் ஏகாம்பரநாதனுக்கு வெறி ஏறிவிட்டது. ஒன்றுமே வராத அந்த வெறும் தட்டை இந்த மாட்டுக்கூட்டம் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கன்னியம்மாவை மூன்று தடவை வாய் கொப்பளிக்க வைத்தார். நாக்குக்கு அடியில் பார்த்தார். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். முந்தானையை உதறச் சொன்னார். குழாயில் ஒரு கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தார். தட்டுத் தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றினார்.

"இப்ப எடு."

கன்னியம்மா குழாயை முந்தானையில் துடைத்தாள். "வேணாம் பெரியவரே. வெறும் வாயோட நான் வெச்சதே இல்ல."

"அதான் தெரியுதே. வை."

பீக்.

பக்கத்தில் கேட்டது. இன்னும் பக்கத்தில் வந்தது. கன்னியம்மாவுக்கும் கேட்டது. அவள் பார்வை பாயின் மூலைக்குப் போய், அங்கே நிற்காமல் பிள்ளையின் கழுத்துக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குழாயை வைத்தாள்.

உறிஞ்சினாள்.

கன்னம் இரண்டும் உள்ளே போயின. கண் திறந்துகொண்டது. குழாயை எடுக்கப் பார்த்தாள், அது உதட்டை விட்டு வரவில்லை. தலையைப் பின்னால் இழுத்தாள், குழாயும் கூட வந்தது. குழாய்க்குள் மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. அது ஏறியது. ஒரு பிள்ளை மூச்சை இழுக்கிற நீளத்துக்கு ஏறியது.

அவள் இருமித் துப்பினாள்.

தட்டில் சின்னதாக, வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் வில்லை விழுந்தது. சட்டைப் பொத்தான் அளவு. நடுவில் ஓட்டை. சளியும் ரத்த நூலும் சுற்றிக்கொண்டு தண்ணீரில் மிதந்தது. ஓட்டை வழியாக ஒரு குமிழி வந்தது. பிறகு மூழ்கியது.

வந்துடுச்சி, வந்துடுச்சி என்று அறை முழுக்க ஒரு பெருமூச்சு. மஹாலட்சுமி கன்னியம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு பையிலிருந்து பால் புட்டியை எடுத்தாள். ஏகாம்பரநாதன் அதைப் பிடுங்கிக்கொண்டார். தன் சோதனையைத் தாண்டி ஒரு சாமான் வந்துவிட்டது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. எங்கே ஒளித்தாள்?

கன்னியம்மா அவர் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். அங்கே சுவரோரம் ஒரு அஞ்சறைப் பெட்டி திறந்து கிடந்தது. ஓர் அறையில் தேங்காய்ச் சில், ஒன்றில் முறுக்குத் துண்டு, ஒன்றில் வேர்க்கடலை, ஒன்றில் இட்லித் துணுக்கு, ஒன்றில் தலைமுடி. சமையலுக்குத் தாளிப்பு வைப்பது போல் பொய்யை வகை வகையாக வைத்திருந்தாள். பிளாஸ்டிக் எதுவும் இல்லை.

"அது உன் பேரன் முழுங்கினது இல்ல," என்று கிசுகிசுத்தாள்.

"பின்ன யாரு முழுங்கினது?"

அவள் சொன்னாள். போன ஆடியில் தென்காசிப் பக்கத்து ஜோடி ஒன்று ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கம்பெனி வேலை. பிள்ளைக்கு ரெண்டு வயசு, காலில் கத்துகிற செருப்பு. இடது செருப்பைக் கடித்துக் கடித்து அதிலிருந்த விசிலை விழுங்கியிருக்கிறது. தாய்க்கு அது தெரியாது, முறுக்கு தின்றாள் என்றாள். மூச்சு விடும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. கன்னியம்மாவுக்குத் தெளிவாகவே கேட்டது. கேட்டும், வாயில் இருந்த முறுக்கைத் துப்பிக் காட்டினாள். இன்னும் சத்தம் வருதே என்று தாய் கேட்டதற்கு, அது சளி, போய்விடும் என்றாள். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. சண்டைக்குக்கூட யாரும் வரவில்லை. அவர்கள் கடைசிவரைக்கும் அது சளி என்றே நம்பி, வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

"அடுத்த வெள்ளிக்கெழமலேருந்து வருது. வந்து அந்த மூலைல குந்திக்கினு கீது. எடது கால் கத்தாது."

"அந்தப் பிள்ள பேரு இன்னா?"

அவள் கேட்டு வைத்திருக்கவில்லை.

ஏகாம்பரநாதனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "செத்த பிள்ளையக்கூடத் தொழில்ல வெச்சிக்கினு கீற," என்றார்.

அவள் அதற்குக் கோபப்படவில்லை. "இத்தினி மாசமா எடுத்துக் குடுக்க ஆள் இல்லாம குந்தினு இருந்துது. இன்னிக்கு உன் பேரன் தொண்ட வழியா எடுத்தாச்சி. இனிமே அது இங்க குந்தாது. எங்க போவும்னு எனக்குத் தெரியாது. பிள்ளையக் கீழ எறக்காம ஆஸ்பத்திரிக்குப் போ."

பேய்க் கதை சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். ஆனாலும் பிள்ளையைக் கீழே இறக்கவில்லை.

மஹாலட்சுமி வழி நெடுக அழுதாள். எடுத்தாகிவிட்டது, இன்னும் எதற்கு ஆஸ்பத்திரி, உங்களுக்கு யாரையும் நம்பத் தெரியாது என்றாள். பெரிய ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே இருந்த கொஞ்ச நேர அமைதியில் அது கேட்டது.

பீக்.

ஓர் அடி சும்மா.

பீக்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை எட்டிப் போட்டார். பின்னால் அதுவும் ஓடி வந்தது. ஆட்டோ ஸ்டாண்டுக்கு நூறடி இருக்கும்போது சத்தம் நின்றது. விட்டது சனியன் என்று நினைத்துக்கொண்டார்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. தோள் வலித்தது. இரண்டு நாள் பட்டினி கிடந்த பிள்ளை, போகும்போது பஞ்சு மாதிரி இருந்த பிள்ளை, இப்போது கனத்தான். இரண்டு பிள்ளை கனம் கனத்தான்.

சத்தம் நின்றது, அது நடப்பதை நிறுத்தியதால்தான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஏசிக் குளிர். ஜெபகுமார் என்ற பையன்தான் படம் எடுப்பவன். எதைக் கேட்டாலும் போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். இனியவன் கையைக் காலை உதைக்காமல் இருக்க, கை இரண்டையும் உடம்போடு சேர்த்துப் போர்வையில் இறுகச் சுற்றி மேஜையில் கிடத்தினான். தாய் தலையின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும், கழுத்தில் கை படக்கூடாது என்றான்.

படம் திரையில் வந்தது. கழுத்து நடுவில் பளீரென்று ஒரு வட்டம், நடுவில் ஓட்டை. வாஷர். மஹாலட்சுமி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டில் விழுந்ததை நம்பி அவள் கும்பிட்டது அவளுக்கே ஞாபகம் வந்திருக்கும்.

"கழுத்துல கை வெக்காதன்னு சொன்னேன்ல?" என்று ஜெபகுமார் கத்தினான். கழுத்தின் ஓரத்தில் மங்கலாக விரல் எலும்புகள் தெரிந்தன. மூன்று விரல்.

நான் தலையைத்தான் பிடித்தேன் என்றாள் அவள். அவன் நம்பவில்லை. பிள்ளையின் நெற்றியில் பட்டை போட்டுக் கட்டிவிட்டு எல்லோரையும் வெளியே போகச் சொன்னான். மறுபடி எடுத்தான். ஏகாம்பரநாதன் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் அவனோடு நின்றார்.

இப்போது நாலு விரல்.

ஜெபகுமார் போனைக் கீழே வைத்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். குரல் தாழ்ந்துவிட்டது. "பெரிய ஆளுங்க விரல்ல எலும்பு முழுசா சேந்திருக்கும் தாத்தா. இது சேரல. ரெண்டு வயசுப் பிள்ள கை."

பிள்ளையின் இரண்டு கையும் போர்வைக்குள் கட்டியே கிடந்தன. அவர் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

இவ்வளவு படித்த பையன் என்ன செய்தான் தெரியுமா? படத்தின் ஓரத்தை, விரல்கள் விழுந்த பக்கத்தை, அப்படியே வெட்டிவிட்டு மிச்சத்தை டாக்டருக்கு அனுப்பினான். அந்தத் தொக்கக்காரிக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம் என்று ஏகாம்பரநாதனுக்குத் தோன்றியது. ஆனால் அவரும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் எழிலரசி பேச்சை வளர்க்காமல் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு, அரை மணி நேரத்தில் வாஷரை வெளியே எடுத்துவிட்டார். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் உணவுக்குழாய் ஓட்டையாகியிருக்கும் என்று சொல்லி, அதை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். பார்த்ததும் ஏகாம்பரநாதனுக்கு அடையாளம் தெரிந்தது. நீலப் பூச்சு போட்ட வாஷர். அவர் கம்பெனிச் சாமான். கேட்டைத் தாண்டக்கூடாத சாமான்.

அதே கம்பெனியில் வேலை பார்க்கிற மகன் பிரசாந்த் ஓவர்டைம் முடித்து யூனிபார்மோடு ஓடி வந்தான். லைனில் வேலை செய்யும்போது ஒன்றிரண்டை மேல் பாக்கெட்டில் போட்டு மறந்துவிடுவதுண்டு என்றான். பதினாறு வருஷமாக ஊரில் இருக்கிறவன் வாயையெல்லாம் திறந்து பார்த்த மனுஷர், மகன் வந்தால் மட்டும் கையை ஆட்டி அனுப்பிவிடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

"உன் பாக்கெட்ல மட்டும் நான் கை வெச்சுப் பாத்ததே இல்லடா," என்றார். பிரசாந்த் பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

வேறு எதுவும் உள்ளே தங்கவில்லை என்று உறுதி செய்ய இன்னொரு படம் எடுக்கச் சொன்னார் டாக்டர். தாயும் தகப்பனும் வெளியே நின்றார்கள். ஏகாம்பரநாதன் பேரனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மயக்கம் தெளியாத பிள்ளை. கனம் குறையவில்லை.

ஜெபகுமார் கிடத்தினான், கட்டினான், கண்ணாடிக்குப் பின்னால் வந்து பட்டனை அழுத்தினான். இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

வட்டம் போயிருந்தது.

கழுத்தோரத்தில் விரல்களும் இல்லை. ஏகாம்பரநாதன் மூச்சை விட்டார். வெட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை, இப்படியே அனுப்பிவிடு தம்பி என்றார்.

பையன் அனுப்பவில்லை. திரையைத் தொடாமல், விரலை எட்ட நிறுத்தி, வாஷர் இருந்த இடத்தைக் காட்டினான். முதுகெலும்பின் வெண்மையோடு வெண்மையாகக் கலந்திருந்ததால் கிழவர் கண்ணுக்கு முதலில் பிடிபடவில்லை. அங்கே ஐந்து விரலும் இருந்தன. மணிக்கட்டும் இருந்தது.

"இத வெட்ட முடியாது தாத்தா," என்றான் ஜெபகுமார். "இது தொண்டைக்கு உள்ள கீது."